காற்று அடை

நாள் 212. காலை 6.15

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பாசித் தொட்டி இரண்டில் நுரை கட்டியிருந்தது, வழித்து எடுத்தேன். சோறு வைத்தாகிவிட்டது.

இடம்: சீரீஸ் குறுங்கோள், பனிக்குழி நிலையம். கம்பெனி இங்கே பனியை வெட்டித் தண்ணீராக்கிக் கப்பல்களுக்குக் கொடுக்கிறது. ஆட்கள் ஏழு பேர். எழுதுகிறவள் வெயிலுகந்தாள். ஊர் கோவில்பட்டி, படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேலை இரண்டு: சமையல், சொல்லெழுத்து. இந்தக் குறிப்பை யார் எடுத்து வாசிப்பீர்களோ தெரியாது. அதனால் இரண்டாவது வேலையை விளக்கிவிடுகிறேன்.

இங்கே எல்லாமே கண்ணாடிப் பலகையில்தான். கதவு, விளக்கு, காற்று, வண்டி எல்லாம் வழவழவென்று ஒரே கண்ணாடி. மேடு பள்ளம் கிடையாது. விரலை வைத்தால் பலகைக்குள் இருக்கிற குரல் ஒரு வரி வாசிக்கும். இரண்டு முறை தட்டினால் வேலை நடக்கும். அந்த வரியை எழுதுவது நான். ஒவ்வொரு பொத்தானுக்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. குழிக்குள் இருட்டு. தலைக்கவசத்தில் பனித்தூள் அப்பிக்கொள்ளும். எல்லாரும் காதை நம்பித்தான் இறங்குகிறார்கள். அதிலும் ஜெபசிங் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். தூத்துக்குடிக்காரன், முப்பது தாண்டியவன், துளைக்கருவி மெக்கானிக். மற்றவர்களுக்கு என் எழுத்து ஒத்தாசை. அவனுக்கு அதுதான் கண்.

முன்னால் இருந்த எழுத்தைக் கம்பெனி எவனிடமோ வாங்கியிருந்தது. "பொத்தான். பொத்தான். பொத்தான்" என்று வாசிக்கும். "மேலும் அறிய இங்கே சொடுக்கவும்" என்று மூன்று இடத்தில் சொல்லும். எது எங்கே கொண்டுபோகும் என்று சொல்லாது. குளிக்கப் போன ஜெபசிங், வெந்நீர் என்று நினைத்து அபாய மணியை அலறவிட்டான். எல்லாரும் துண்டோடு ஓடினோம். அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சில் நானே எழுதட்டும் என்று விட்டார்கள்.

எழுதுவது நான், சரிபார்ப்பது பூமியில். சென்னையில் இளவெயினி என்று ஒருத்தி. நிலையம் திறந்த நாள் படத்துக்கு நான் எழுதினேன்: "ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நிற்கிற மேலாளர் சிரிக்கிற மாதிரி நடிக்கிறார்." பின்பாதியை வெட்டிவிட்டு, "காண்பதை மட்டும் எழுதவும்" என்று குறிப்பு அனுப்பினாள். நான் கண்டதைத்தான் எழுதினேன். அது நாள் 31. எனக்கு மறக்கவில்லை. நேற்றும் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். பதில் போடவில்லை. போடுவதாகவும் இல்லை.

மற்ற ஐந்து பேரும் வண்டியில் வடக்குப் பள்ளத்துக்குப் போயிருக்கிறார்கள், பழுதான இயந்திரம் ஒன்றை இழுத்துவர. நிலையத்தில் நான், குழியில் ஜெபசிங். வண்டித் தலைவர் சண்முகக்கனி காலையில் அனுப்பியது:

"மைனி, கனி பேசுதேன். நாளைக்கு மத்தியானம் வந்து சேருவோம். இங்கன பயலுவ பொட்டலச் சோத்தத் தின்னு மொகத்தத் தூக்கி வச்சிருக்கானுவ. ஒங்க கையால புளிக்கொழம்புன்னு சொல்லித்தான் வண்டிய ஓட்டவே வைக்கேன்."

செய்யலாம். என்னை மதினி முறை வைத்துக் கூப்பிடுகிற கனி நல்ல மனிதர். இங்கே நான் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள்.

நாள் 212. காலை 8.55

நிலம் நடுங்கியது. இங்கே எடை குறைவு. அலமாரியில் இருந்த தட்டுகள் உடனே விழவில்லை, யோசித்து யோசித்து விழுந்தன. நிலையத்தில் உடைப்பு எதுவும் இல்லை.

குழிவாய் மூடிவிட்டது. கேமராவில் வெள்ளையாக ஒரு சுவர் தெரிகிறது. இன்று காலைவரை அது வழி.

காலை 9.10

ஜெபசிங் உயிரோடு இருக்கிறான். அவன் அனுப்பியது:

"பெரியம்மா, கேக்குதா? ஏ பெரியம்மா! ஒரு சத்தமும் வரமாட்டேங்கு. காது மிசின் போச்சு போல. சரி, நான் பேசுதேன், நீங்க கேளுங்க. என்னைக்கும் நீங்க பேசி நான்தான கேட்டேன், இன்னைக்கு மாத்தி. பதுங்கறைக்குள்ள வந்துட்டேன். கை காலு முழுசா இருக்கு."

பதுங்கறை என்பது குழிக்கு அடியில் இருக்கிற இரும்பு அறை. பனி சரிந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பிறகு தொட்டியில் இருக்கிற காற்றை அறைக்குள் நிரப்பிக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருக்கலாம். கனி ஆட்கள் நாளை வந்துவிடுவார்கள். வண்டியில் வெட்டுக்கருவி இருக்கிறது, ஒரே நாளில் தோண்டி எடுத்துவிடுவார்கள். அவர்களை விட்டால் அடுத்த கப்பல் ஆறு மாதம் கழித்து.

என் பேச்சு அவனுக்குப் போகாது. பலகையின் குரல் மட்டும் கையுறை வழியாக அதிர்ந்து தலைக்கவசத்துக்குள் கேட்கும், அதற்குக் காது மிசின் வேண்டாம். அறைக்குள் இருக்கிற பலகைக்கும் எனக்கும் நடுவில் கம்பி அறுந்துபோகவில்லை. அவன் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்பது என் திரையில் தெரிகிறது.

கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டு, விழுந்த தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

காலை 9.40

தட்டுகளை அப்படியே போட்டுவிட்டேன்.

திரையில் வருவது:

விரல்: கதவு அடை. தட்டினான். கதவு மூடியது.
விரல்: காற்று அடை. தட்டவில்லை.
விரல்: விளக்கு.
விரல்: காற்று அடை. தட்டவில்லை.

ஏன் தட்ட மாட்டேன் என்கிறான் என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு அவனே சொன்னான்.

"பெரியம்மா, கதவ அடைச்சாச்சு. அதுக்குக் கீழ காத்து அடைன்னு எழுதியிருக்கிய. அதத் தொடல. பழைய அறை மாதிரி தானா நிரம்பும்லா. நிரம்பி முடிஞ்ச பொறவு காத்த அடைக்கதுக்கு வச்சிருக்கிய போல. பக்கத்துல பக்கத்துல வச்சது நல்ல ஏற்பாடு. அவசரத்துல அமுக்கிரப்படாதுன்னு கைய மடக்கி வச்சுக்கிட்டு இருக்கேன்."

நல்ல ஏற்பாடு என்கிறான்.

பழைய அறையில் தானாக நிரம்பும். போன மாதம் வந்த புதிய அறையில் உள்ளே இருக்கிற ஆள் தட்டினால்தான் நிரம்பும். கதவு திறந்து கிடக்கும்போது யாரும் வெளியிலிருந்து தொட்டியைக் காலி செய்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் என்னால் இங்கிருந்து தட்ட முடியாது. எழுத்து வேலைக்கு வந்த தாளில் இது இருந்தது, மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காற்று அடை. கோவில்பட்டியில் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எவனாவது வந்து, "அண்ணாச்சி, காத்து அடைக்கணும்" என்பான். பம்பை எடுத்து டியூபை நிரப்புவார். அதைத்தான் எழுதினேன். காற்று அடை என்றால் காற்றை நிரப்பு. இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

ஆனால் அதற்கு மேல்வரியில் "கதவு அடை" என்று எழுதியவளும் நான்தான். கதவை அடைத்துவிட்டு விரலைக் கீழே இறக்குகிறவனுக்கு, காற்றையும் அடைக்கச் சொல்கிற மாதிரித்தான் கேட்கும்.

நேற்று இளவெயினி அனுப்பிய கேள்வியை இப்போது திறந்து பார்த்தேன்:

"‘காற்று அடை’: நிரப்புவதா, நிறுத்துவதா? மேலேயே ‘கதவு அடை’ இருப்பதால் குழம்ப வாய்ப்பு உண்டு. உங்கள் பதில் வரும்வரை இந்த வரி பூட்டப்படுகிறது."

பூட்டினால் பழைய வரி ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக எழுத விடாது. எழுதிப் பார்த்தேன். விடவில்லை. மறுபடியும் எழுதினேன்.

அவன் உடுப்பில் மதியம்வரை காற்று இருக்கும்.

காலை 9.52

பூமிக்கு அனுப்பியது:

"நிரப்புவது. நீ கேட்டது சரி. ஜெபசிங் உள்ளே இருக்கிறான், தட்ட மாட்டேன் என்கிறான். பூட்டைத் திற. ஓடு."

இந்த வரியை எழுதக் கை கூசியது என்று சொல்ல மாட்டேன். ஒரே மூச்சில் எழுதினேன். ஆனால் அது போய்ச் சேர அரை மணி நேரம், பதில் வர அரை மணி நேரம். அவள் நாற்காலியில் இருக்கிறாளா, டீ குடிக்கப் போயிருக்கிறாளா, யார் கண்டது.

உட்கார முடியவில்லை. நடக்கலாம் என்றால் இந்தக் கோளில் ஓர் எட்டு வைத்தால் கூரையில் தலை இடிக்கிறது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

காலை 10.20

பூட்டாத வரி ஒன்று கண்டுபிடித்தேன். பலகையின் மூலையில் கம்பெனியின் சின்னம் இருக்கிறது, ஒரு சங்குப் படம். "அலங்காரப் படம், எழுத்து வேண்டாம்" என்று அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படத்தில் விரல் பட்டால் குரல் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். குறியை எடுத்துவிட்டேன். எழுதினேன்:

"ஜெபசிங்கு, காற்று அடை என்றால் அறைக்குள் காற்றை நிரப்பு. தட்டு. வெயிலுகந்தாள்."

வரி போய்விட்டது. இனி அவன் விரல் அந்த மூலைக்கு வர வேண்டும்.

வரவில்லை. கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காற்றை அடைத்துவிடக் கூடாதாம். பாட்டுப் பாடுகிறான். கோயில் பாட்டில் பாதி, கல்யாண வீட்டுப் பாட்டில் பாதி. இரண்டிலும் சுதி இல்லை.

கையை எடுடா. கையை எடுத்துத் தடவு.

காலை 10.48

"பெரியம்மா, நிரம்புன மாதிரியே தெரியலயே. உடுப்புல வெளிக்காத்து பூச்சியம்னு சொல்லுது. வேற பொத்தான் எங்கயும் வச்சிருக்கியளான்னு தடவிப் பாக்கேன்."

விரல்: விளக்கு.
விரல்: வெப்பம்.
விரல்: சங்கு.

குரல் என் வரியை வாசித்தது. முழுசாக வாசித்தது. அவன் விரலை எடுத்துவிட்டான். பிறகு சிரித்தான்.

"சங்கு பேசுது. எம்பேரச் சொல்லுது. ஜெபசிங்கு, ஒனக்குச் சங்கு ஊதியாச்சுல."

ஏல, நான்தான்.

"பயிற்சியில சொன்னாவ. கெட்ட காத்து ஏறுனா பேர் சொல்லிக் கூப்புடுத மாதிரிக் கேக்கும், கேட்டு எதையும் செஞ்சிராதன்னு. பலகைக்கு எம்பேரு எங்க தெரியப்போவுது? பேரச் சொன்னா அது பலகை இல்ல, மூள. அதுவும் கரெக்டா என்ன சொல்லுது பாருங்க, காத்து அடையத் தட்டணுமாம். தட்டுனா ஆளு காலி. சாவு தந்திரமாத்தான் வருது."

மேசையில் குத்தினேன். குத்திய வேகத்தில் நான்தான் மேலே போனேன்.

காலை 10.55

இந்த இயந்திரக் குரல்தான் கெடுக்கிறது. நான் எழுதினாலும், கழுதை எழுதினாலும் ஒரே மாதிரித்தான் வாசிக்கும். என் குரலில் ஒரு தடவை "ஏல" என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் தட்டுவான்.

மாற்றி எழுதினேன்: "இது மூளை இல்லை. நான்தான். நாள் 140-ல் என் ரசத்தைக் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவின தண்ணீர் என்று சொன்னாயே, அந்த வெயிலுகந்தாள்."

விரல் மறுபடியும் சங்குக்கு வந்தது. கேட்டான்.

"அது எனக்கே தெரியும்லா. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னா எம்மூளதான் சொல்லும். பெரியம்மாவா இருந்தா எனக்குத் தெரியாதது ஒண்ணச் சொல்லட்டும். கையால தொட்டுப் பாத்து நிசம்னு தெரியுத மாதிரி."

மூச்சு வாங்குகிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. பார்வை இல்லாதவனை ஏமாற்றினவர்கள் எத்தனை பேரோ. அவன் இப்படித்தான் உலகத்தைச் சோதித்துச் சோதித்து முப்பது வருஷம் வந்திருப்பான்.

அவனுக்குத் தெரியாதது. கையால் தொடக்கூடியது. அந்த அறைக்குள் இருப்பது.

காலை 11.02

எழுதினேன்:

"பெஞ்சுக்கு அடியில் பின்சுவர்ப் பக்கம் கையை விடு. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் டேப் ஒட்டின பொட்டலம் இருக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய். போன மாதம் நீ கேட்டபோது தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை. உனக்குத் தரக் கூடாது என்று அறைக்குச் சாமான் வைக்கப் போனபோது ஒளித்து வைத்தேன். ரசத்துக்காக."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். விரல் சங்குக்கு வந்தது. குரல் வாசித்தது. விரல் பலகையைவிட்டுப் போய்விட்டது.

திரையில் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்றும் இல்லை. குனிந்த இடத்தில் விழுந்துவிட்டானோ.

டேப்பை அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டாம். மூன்று சுற்று சுற்றினேன். கையுறையோடு எப்படிப் பிரிப்பான்?

காலை 11.14

"அடிப் பாவிப் பெரியம்மா! தீந்துபோச்சுன்னு என் தலையிலயே கைய வச்சுச் சத்தியம் பண்ணுனியளே!"

விரல்: காற்று அடை. தட்டினான்.

தொட்டி திறந்தது. அறை அழுத்தம் ஏறுகிறது. கால்வாசி. அரை.

"உடுப்ப வெளியிலருந்து ஏதோ அமுக்குது. காத்து வருது. ஏ சாமி. ஏ இயேசப்பா. வருது."

காலை 11.40

அறை நிரம்பிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு பேசுகிறான்:

"பெரியம்மா, நாலு நாளைக்கு இது போதும். ஆனா ஒண்ணு. வெளிய வந்ததும் முத வேலையா அந்தப் பொத்தானுக்கு ஒழுங்கா ஒரு பேர வைங்க. ரசத்தையும் ஒழுங்கா வைங்க."

வாய்க்கொழுப்பைப் பார். இதையும் எழுதி வைக்கிறேன்: நாள் 212. மறக்க மாட்டேன்.

சிரிப்பு வருகிறது. சங்குப் படத்தில் எழுதினேன்: "கனி அண்ணாச்சி ஆட்கள் நாளை மதியம் வருவார்கள். மிட்டாயை ஒரேயடியாகத் தின்னாதே." கேட்டுவிட்டு, "உத்தரவு" என்றான்.

காலை 11.58

பூமியிலிருந்து பதில். நாற்காலிக்கு வந்ததும் இளவெயினி வேகமாகத்தான் வேலை செய்திருக்கிறாள்.

"அம்மா, பூட்டைத் திறந்துவிட்டேன். ‘அறைக்குள் காற்றை நிரப்பு’ என்று நானே மாற்றியும் விட்டேன். ஜெபசிங் எப்படி இருக்கிறார் என்று உடனே சொல்லுங்கள். இன்னொன்று: இந்தச் சொல்லை வேறு எந்தப் பலகைகளிலாவது எழுதியிருக்கிறீர்களா?"

பதுங்கறைப் பலகை போன மாதக் கப்பலில் வந்தது. அதோடு இன்னொரு பலகையும் வந்தது. அதே மாதிரி, அதே பொத்தான்கள். அதற்கும் நான்தான் எழுதினேன். ஒரே நாளில், ஒன்றைப் பார்த்து ஒன்றில்.

அது, வண்டி உடைந்தால் ஒதுங்கிக்கொள்கிற பின்னறையில் இருக்கிறது.

பகல் 12.05

வண்டிப் பலகைக்குப் புது வரியை அனுப்பினேன். போகவில்லை. வண்டி பள்ளத்துக்குள் இருக்கிறது. துணைக்கோள் தலைக்கு மேலே வந்தால்தான் அங்கே எதுவும் போகும், அங்கிருந்து எதுவும் வரும். அது ஒரு மணிக்கு மேல்தான்.

நடுக்கம் அங்கேயும் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. வடக்குப் பள்ளம் தூரம். கனி கவனமான ஆள். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வண்டி நன்றாக இருந்தால் பின்னறைக்கு அவர்கள் ஏன் போகப்போகிறார்கள்?

தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன். மறுபடியும் எடுத்துத் துடைத்தேன். புளி ஊறப்போட்டேன். ஐந்து பேருக்கு எவ்வளவு புளி என்று கைக்குத் தெரியும். அளந்துவிட்டு ஏனோ திரும்பவும் அளந்தேன்.

பகல் 1.20

துணைக்கோள் வந்தது. அனுப்பினேன். "பெறுபவரிடமிருந்து பதில் இல்லை." மறுபடியும் அனுப்பினேன். பதில் இல்லை.

அதில் ஒரு செய்தி சேர்ந்து கிடந்தது. காலை 9.20-க்குப் பேசியது. அதாவது நான் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம்.

"மைனி, கனி பேசுதேன். வண்டி பள்ளத்துல சாஞ்சு கெடக்கு. முன்கண்ணாடி விட்டுப்போச்சு. பயப்படாதிய, அஞ்சு பேரும் உடுப்பப் போட்டுக்கிட்டுப் பின்னறைக்கு வந்துட்டோம். யாருக்கும் பெரிய அடி இல்ல. கரண்டு இல்ல, இருட்டு. பலகை மட்டும் பேசுது. கதவ அடைச்சாச்சு. காத்து அடைன்னு ஒண்ணு இருக்கு. பயலுவ பதட்டத்துல அதப் போட்டு அமுக்கிரக்கூடாதுன்னு நான் அதுக்குக் குறுக்க முதுகக் குடுத்து உக்காந்திருக்கேன். ஏல, சும்மா இரு. அறை தானா நிரம்பும்ல. எங்க மைனி எழுதுனதாக்கும், ஒரு எழுத்துப் பெசகாது. மைனி, உடுப்புல மத்தியானம்வரைக்கும் இருக்கு. பொறவு பேசுதேன்."

மூன்று முறை கேட்டேன். "பொறவு பேசுதேன்" என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பகல் 1.45

அனுப்பினேன். பதில் இல்லை.

பகல் 2.00

அனுப்பினேன். துணைக்கோள் இறங்கிவிட்டது.

இளவெயினிக்கு எழுதினேன்: "வேறு ஒரு பலகையில் எழுதியிருக்கிறேன். வண்டியில். ஐந்து பேர்."

வேறு எதுவும் எழுத வரவில்லை. அவள் எதை வெட்டுவாள், எதை விடுவாள்?

பகல் 2.30

ஜெபசிங் பேசுகிறான். நல்ல மூச்சு, நல்ல குரல். வயிறு நிறைந்தவன் குரல்.

"பெரியம்மா, அண்ணாச்சிகிட்டருந்து தகவல் உண்டா? அவியளுக்கு நடுக்கம் தெரிஞ்சுதாமா? நாளைக்கு வாரதுக்கு முன்னால எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் இந்தச் சங்கத் தடவிக்கிட்டே இருக்கேன்."

சங்குப் படத்தில் "நாளை மதியம் வருவார்கள்" என்று இருந்தது. அதை அழித்துவிட்டேன். பொய்யை அங்கே விட்டுவைக்க முடியாது. அவனுக்கு அதுதான் கண்.

இடம் காலியாக இருக்கிறது. எழுத வேண்டும். நான்கு நாள் காற்று. தோண்ட ஆள் இல்லை. நான் ஒருத்தி, வெட்டுக்கருவி வண்டியில். காண்பதை மட்டும் எழுது என்றாள். கண்டதை எழுதினால் மீதி நாட்களை அந்த இருட்டில் அவன் எப்படி

வருவார்கள் என்று எழுதினேன். அழித்தேன்.

வர மாட்டார்கள் என்று எழுதினேன். அழித்தேன்.

பகல் 2.50

"பெரியம்மா?"

விரல்: சங்கு.

பகல் 2.51

விரல்: சங்கு.

குரல் வாசிப்பது எனக்கும் கேட்கிறது. எழுத்து இல்லாத இடத்தில் அது வழக்கமாக வாசிக்கிறதைத்தான் வாசிக்கிறது.

"படம். விளக்கம் இல்லை."

விரல்: சங்கு.

"படம். விளக்கம் இல்லை."

விரல்: சங்கு.